இருதயக் குறையுள்ள குழந்தையை நுரையீரல் தொற்றிலிருந்து காப்பது எப்படி?

பிறவியிலேயே இருதயக் குறையுள்ள குழந்தைக்கு அடிக்கடி சளி பிடித்து, இருமல் முற்றி, மூச்சிரைப்புடன் மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வரும்போது, வீட்டுப் பெரியவர்களும் மருந்துக் கடைக்காரரும் முதலில் சொல்லும் காரணம் எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதுதான். அந்தக் காரணத்தை நம்பி டானிக், லேகியம், சத்து மருந்து என்று மாதங்களைக் கழித்துவிட்டு, அறுவை சிகிச்சைக்கு உரிய பருவம் கடந்தபின் பெரிய மருத்துவமனைக்கு வந்து சேரும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இத்தகைய குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இரத்தத்திலுள்ள எதிர்ப்பு அணுக்கள் பெரிதும் குறைந்திருப்பதில்லை. அந்த அணுக்கள் வேலை செய்ய வேண்டிய நுரையீரல்தான் இரத்தப் பெருக்கால் திணறிக்கொண்டிருக்கிறது. ஆகவே உரிய காலத்தில் ஓட்டையை அடைப்பதே இவர்களுக்குத் தலையாய மருத்துவம். அந்த நாள் வரும்வரை குழந்தையை எடை குறையாமல், நுரையீரல் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெற்றோரின் பணி.

நுரையீரலில் என்ன நடக்கிறது

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 பேருக்கு இருதயக் குறை இருக்கிறது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது, இருதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு இடையே உள்ள சுவரில் ஓட்டை இருப்பது. பிறந்தபின் தானாக மூட வேண்டிய இரத்தக் குழாய் மூடாமல் இருப்பதும், மேலறைச் சுவரும் கீழறைச் சுவரும் சேரும் நடுப்பகுதியே உருவாகாமல் இருப்பதும் இதே வகையான விளைவைத் தருகின்றன. இடப்பக்கத்தில் அழுத்தம் அதிகம் என்பதால், உடலுக்குச் செல்ல வேண்டிய நல்ல இரத்தத்தில் ஒரு பகுதி ஓட்டை வழியே வலப்பக்கம் சென்று, மீண்டும் நுரையீரலுக்கே திரும்புகிறது. பிறந்த முதல் சில வாரங்களில் நுரையீரல் குழாய்கள் இறுக்கமாக இருப்பதால் இந்தப் பெருக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை ஆறு அல்லது எட்டு வாரங்களில் திடீரென்று பால் குடிக்கத் திணறுவதற்கும் வேகமாக மூச்சு விடுவதற்கும் இதுவே காரணம். தாயின் பாலிலோ உணவிலோ குற்றம் எதுவும் இல்லை.

வாய்க்காலில் அளவுக்கு மீறித் தண்ணீர் வந்து, வடிகாலும் அடைத்துக்கொண்ட வயலில் பயிரின் வேர் அழுகுவதை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. நுரையீரலின் நிலையும் ஏறக்குறைய அதுவே. மிகுதியாகப் பாயும் இரத்தத்திலிருந்து நீர் கசிந்து காற்றறைகளைச் சுற்றி ஊறுகிறது. மூச்சுக் குழல்களின் உட்சுவர் வீங்குகிறது. பெருத்துப்போன நுரையீரல் தமனியும் இடது மேலறையும் அருகிலுள்ள மூச்சுக் குழலை அழுத்துவதால் இடது நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிவிடுவதும் உண்டு. சளியை மேலே தள்ளி வெளியேற்றும் நுண்மயிர்கள் தம் வேலையைச் செய்ய முடியாமல் போகின்றன. தேங்கிய சளியில் கிருமிகள் பெருகுகின்றன. மற்றொரு குழந்தைக்கு மூன்று நாள் மூக்கொழுகலாக முடியும் சுவாச வைரஸ், இக்குழந்தைக்கு நிமோனியாவாக மாறுவது இப்படித்தான்.

உடல் நீலம் பாயும் வகைக் குறைகளில், குறிப்பாக நுரையீரலுக்குச் செல்லும் பாதை குறுகியிருக்கும் ஃபாலட் நான்மைக் குறையில், இந்த இரத்தப் பெருக்கு இருப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த இரத்தத்துடன் வாழும் அக்குழந்தைக்குச் சிறு நுரையீரல் தொற்றும் தாங்க முடியாத சுமையாகிவிடும். எனவே உங்கள் குழந்தைக்கு எந்த வகைக் குறை என்பதை எக்கோ எனப்படும் இருதய ஒலி அலைப் பரிசோதனையின் அறிக்கையைக் காட்டி மருத்துவரிடம் கேட்டு, தமிழில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இருதயத்தில் ஓட்டை என்று மட்டும் தெரிந்திருப்பது போதாது.

மூச்சை எண்ணுதல்

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பரிசோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறொன்றும் இல்லை. இதற்குக் கருவியும் தேவையில்லை, செலவும் இல்லை. குழந்தை தூங்கும்போது அல்லது அமைதியாக மடியில் இருக்கும்போது, சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, கைபேசியில் நேரம் வைத்து முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது கைக்குழந்தைகளுக்குப் பொருந்தாது, ஏனெனில் அவர்களுடைய மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை. அழுத பின்னும், பால் குடித்த உடனேயும், காய்ச்சல் கொதிக்கும்போதும் எண்ணிக்கை இயல்பாகவே கூடும். சற்றுப் பொறுத்து மீண்டும் எண்ணுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள கணக்கின்படி, இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. இருமல் இருக்கும்போது இத்தகைய மூச்சு நிமோனியாவைச் சந்தேகிக்கப் போதுமான அடையாளமாகும். ஆனால் பெரிய ஓட்டையுள்ள குழந்தை நலமாக இருக்கும் நாளிலும் 55 அல்லது 60 முறை மூச்சு விடலாம். அதனால்தான் நலமாக உள்ள நாட்களில் தூக்கத்தில் எண்ணி, நாட்காட்டியின் ஓரத்தில் தேதியோடு குறித்து வைக்கும்படி சொல்கிறேன். வழக்கமாக 52 இருக்கும் குழந்தைக்கு இன்று 68 என்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், இருமல் லேசாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தக் குறிப்புத் தாளைக் கையில் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துளைகள் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடும் நாக்கும் வழக்கத்தைவிட நீலமாவது அல்லது சாம்பல் நிறமாவது, கைகால்கள் சில்லிட்டு வியர்ப்பது, பால் குடிக்கவே மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பொழுது விடியக் காத்திருக்கக் கூடாது, 108க்கு அழைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். நீர் ஊறிய நுரையீரலிலிருந்தும் இழுப்புச் சத்தம் வரும். அதை வீசிங் என்று கருதி நெபுலைசர் மட்டும் வைத்து அனுப்புவது நடக்கிறது. எடை ஏறாமல், ஓயாமல் இருமும் குழந்தைக்குப் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று பெயரிட்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பதும் நம் ஊர்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். காசநோய் உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் செய்யாமல், இருதயத்தின் மீது ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது. எடை ஏறாத, பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், அடிக்கடி நெஞ்சுச் சளி கட்டும் எந்தக் குழந்தைக்கும் ஒருமுறையாவது எக்கோ எடுக்கச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை.

எதிர்ப்புச் சக்தி உண்மையிலேயே குறைந்திருக்கும் குழந்தைகள்

இவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். ஆயினும் இவர்களை அடையாளம் காணாவிட்டால் ஆபத்து பெரிது. எதிர்ப்பு அணுக்களில் முக்கியமான டி அணுக்களைப் பக்குவப்படுத்துவது நெஞ்செலும்புக்குப் பின்னால், இருதயத்திற்கு முன்னால் அமைந்துள்ள தைமஸ் சுரப்பி. கருவில் இருதயத்தின் பெருங்குழாய்களும் தைமஸும் ஒரே பகுதித் திசுக்களின் துணையோடு உருவாவதால், 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்து பழுதாகலாம். டிஜார்ஜ் நோய்க்குறி எனப்படும் இதில் ஃபாலட் நான்மைக் குறை, பெருந்தமனி வளைவு அறுந்திருத்தல், இரண்டு பெருந்தமனிகளும் ஒன்றாகவே இருத்தல் போன்ற குறைகள் அடிக்கடி காணப்படுகின்றன. பிறந்த சில நாட்களில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து வலிப்பு வருவது, மேலண்ணப் பிளவு, பால் மூக்கு வழியே வருவது ஆகியவை இதற்கான துப்புகள். இந்நோய்க்குறி சந்தேகிக்கப்பட்டால், டி அணுக்களின் அளவு தெரியும்வரை உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளை மருத்துவர் தள்ளிவைப்பார். இரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தத்தையே கேட்டு வாங்குவார்.

டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருதயக் குறை இருக்கிறது. அவர்களுடைய எதிர்ப்பு அணுக்களும் சற்றுப் பலவீனமானவை, மூச்சுக்குழலும் தளர்வானது, நுரையீரல் அழுத்தமும் மற்றவர்களைவிட விரைவில் ஏறுகிறது. இம்மூன்றும் சேர்வதால் இவர்களுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சிறிதும் தகாது. இருதயமும் வயிற்று உறுப்புகளும் இடம் மாறி அமைந்த குழந்தைகளில் சிலருக்கு மண்ணீரலே இருப்பதில்லை. நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை இரத்தத்திலிருந்து வடித்தெடுப்பது மண்ணீரல் என்பதால், அக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மணிக்கணக்கில் நிலைமை மோசமாகிவிடும். நாள்தோறும் பென்சிலின், கூடுதல் தடுப்பூசிகள், எந்தக் காய்ச்சலானாலும் உடனடி மருத்துவமனை என்ற மூன்றும் அவர்களுக்குக் கட்டாயம். ஒரே கீழறையுடன் பிறந்து, உடலிலிருந்து திரும்பும் இரத்தத்தை நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிடும் ஃபான்டான் அறுவை சிகிச்சை முடித்த பிள்ளைகளில் சிலருக்குப் பின்னாளில் குடல் வழியே புரதம் கசியும் நிலை ஏற்பட்டு, எதிர்ப்புப் புரதங்களும் அதோடு வெளியேறுவது உண்டு. முகமும் வயிறும் வீங்குவதும் வயிற்றுப்போக்கும் அதன் அறிகுறிகள்.

காதில் ஓயாத சீழ், தோலில் திரும்பத் திரும்பக் கட்டிகள், ஆறாத வாய்ப்புண், நீங்காத வயிற்றுப்போக்கு, ஓட்டையை அடைத்து ஓராண்டு ஆகியும் குறையாத நிமோனியா, உடன்பிறந்த குழந்தை ஒன்று தொற்றால் இறந்திருப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். யாரையும் குறை சொல்வதற்காக மருத்துவர் அதைக் கேட்பதில்லை, சில பரம்பரை எதிர்ப்புக் குறைபாடுகள் உறவுத் திருமணத்தில் கூடுதலாகக் காணப்படுவதால்தான் கேட்கிறார். முதல் பரிசோதனை எளியது: எந்த ஆய்வகத்திலும் செய்யக்கூடிய முழு இரத்த அணுக் கணக்கு. அதில் லிம்போசைட் என்ற வெள்ளை அணு வகையின் எண்ணிக்கை கைக்குழந்தைக்கு 3,000க்குக் கீழே திரும்பத் திரும்ப வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும். பெரியவர்களுக்கு அது இயல்பான அளவு என்பதால், ஆய்வக அறிக்கையில் குறையாகக் காட்டப்படாமலும் போகலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பரவலான எதிர்ப்புக் குறைவு ஒன்று உண்டு. அது பட்டினியால் வருவது. எடை குன்றிய குழந்தையின் தைமஸ் சுருங்குகிறது, அணுக்களின் எண்ணிக்கையும் வீரியமும் குறைகின்றன. நல்ல செய்தி என்னவென்றால், இதைச் சரிசெய்வது பெரும்பாலும் வீட்டாரின் கையில் இருக்கிறது.

ஊட்டம்

இருதயம் ஓய்வின்றி உழைப்பதாலும் மூச்சு வேகமாக இருப்பதாலும் இக்குழந்தைக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 120 முதல் 150 கலோரி வரை தேவைப்படுகிறது. மற்றக் கைக்குழந்தைகளுக்கு ஏறத்தாழ 100 போதும். ஆனால் அதிகம் தேவைப்படும் இக்குழந்தையால்தான் அதிகம் குடிக்க முடிவதில்லை. இரண்டு வாய் உறிஞ்சி, நின்று, மூச்சு வாங்கி, வியர்த்து, களைத்துத் தூங்கிவிடும். ஒருமுறை பால் கொடுப்பதை அரை மணி நேரத்திற்கு மேல் நீட்டிக்க வேண்டாம்; குடித்துக் கிடைக்கும் சக்தியைவிடக் குடிப்பதற்குச் செலவாகும் சக்தி கூடிவிடும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் தவறாமல், சிறிது சிறிதாகக் கொடுங்கள். மார்பில் குடித்துக் களைத்தபின் எஞ்சிய பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சியெடுத்து, பாலாடையிலோ சங்கிலோ, தலையை உயர்த்திப் பிடித்தபடி புகட்டலாம். மல்லாக்கப் படுக்கவைத்து, கையைக் காலை அமுக்கிக்கொண்டு ஊற்றும் பழக்கத்தை இக்குழந்தையிடம் ஒருநாளும் செய்யக் கூடாது. வேகமாக மூச்சு விடும் குழந்தையின் வாயில் ஊற்றும் பால் நுரையீரலுக்குள் இறங்கினால், அதுவே நிமோனியாவின் தொடக்கமாகிவிடும்.

தாய்ப்பாலைவிடச் சிறந்த எதிர்ப்பு மருந்து முதல் ஆறு மாதங்களில் எதுவும் இல்லை. எடை ஏறாவிட்டால் தாய்ப்பாலுடன் சத்துக்கூட்டும் பொடி சேர்ப்பதா, இணை உணவைச் சற்று முன்னரே தொடங்குவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீர் கலந்த பசும்பாலும் சர்க்கரைத் தண்ணீரும் அதற்கு மாற்றாக மாட்டா. ஆறு மாதத்திற்குப் பின், அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுவதே உத்தி. குழைந்த சாதத்திலோ பாசிப்பருப்புக் கஞ்சியிலோ ஒரு தேக்கரண்டி நெய் அல்லது தேங்காய் எண்ணெய் கலந்தால் ஏறத்தாழ 40 கலோரி கூடுகிறது. குழந்தைக்கு வயிறும் முட்டாது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை நீர்க்கக் கரைக்காமல் கெட்டியாகக் கிளறிக் கொடுங்கள். முட்டை, முள் நீக்கிய மீன், நன்கு வெந்து மசித்த பயறு ஆகியவற்றை மாந்தம் வரும் என்று அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. இரும்புச் சத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: நீலம் பாயும் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 14 என்று இருந்தாலும் அது அக்குழந்தைக்குச் சோகையாக இருக்கலாம். எண் நன்றாக இருக்கிறது என்று நீங்களாக இரும்பு மருந்தை நிறுத்தாதீர்கள்.

வாரம் ஒருமுறை அங்கன்வாடித் தராசில் எடை பார்ப்பது நல்லது. பல வாரங்களாக ஏறாத எடை இரண்டே நாளில் குபீரென்று ஏறினால் அது சதை அல்ல, உடலில் தேங்கும் நீர். கண் இமையும் பாதமும் வீங்கியிருக்கின்றனவா என்று பார்த்து மருத்துவரிடம் செல்லுங்கள்.

தடுப்பூசி

இருதயக் குழந்தைக்கு ஊசி போடக் கூடாது என்ற எண்ணம் தாத்தா பாட்டியிடம் மட்டுமல்ல, சில வேளைகளில் தயங்கும் சுகாதாரப் பணியாளரிடமும் உண்டு. இது தவறு. மேலே சொன்ன டி அணுக் குறைபாடு போன்ற ஒரு சில நிலைகள் தவிர, இக்குழந்தைகளுக்கு எல்லாத் தடுப்பூசிகளும் உரிய நாளில் போடப்பட வேண்டும். மற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் அவை அதிகம் தேவை. 2021 முதல் தமிழக அரசு ஆறு வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம் ஆகிய பருவங்களில் நிமோகாக்கஸ் தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியில் அடங்கிய, கக்குவானுக்கும் ஹீமோஃபிலஸ் கிருமிக்கும் எதிரான தடுப்பு மருந்துகளும், ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை ஊசியும் நேரடியாக நுரையீரலைக் காப்பவை. மருத்துவமனையில் படுத்திருந்ததால் தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் நினைவூட்டுங்கள்.

இன்ஃபுளுவென்சா தடுப்பூசி அரசின் வழக்கமான அட்டவணையில் இல்லை; தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஆயினும் இக்குழந்தைகளுக்கு அந்தச் செலவு தகும் என்பது என் உறுதியான கருத்து. ஆறு மாதம் முடிந்தபின், முதல் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுக்கொன்று. ஐப்பசி மழை தொடங்குமுன் முடித்துவிடுவது நல்லது. தாயும் தந்தையும் உடனிருக்கும் பாட்டியும் அதைப் போட்டுக்கொண்டால், ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கும் ஒரு வேலியாக இருக்கும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமும் பெரியவர் எவரேனும் வீட்டில் இருந்தால், அவருக்குச் சளிப் பரிசோதனை செய்வதும் குழந்தையின் மருத்துவத்தில் ஒரு பகுதியே.

நுரையீரலுக்கு இரத்தம் செல்ல ஷன்ட் எனப்படும் இணைப்புக் குழாய் வைக்கப்பட்டு ஆஸ்பிரின் உட்கொள்ளும் குழந்தைக்குச் சின்னம்மையோ ஃபுளு காய்ச்சலோ வந்தால், ஆஸ்பிரினைத் தொடர்வதா என்று அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். அந்தச் சேர்க்கையால் அரிதாகக் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படுவதுண்டு.

புகை, தூசி, கூட்டம்

குளிப்பாட்டியவுடன் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது நம் வீடுகளில் அன்போடு செய்யும் காரியம். ஆயினும் இக்குழந்தைக்கு அதை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். தலையைத் துணியால் நன்றாகத் துவட்டினாலே ஈரம் போய்விடும். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாகக் கொசுவலை கட்டுங்கள். தென்னை மட்டையும் சவுக்கு விறகும் எரியும் அடுப்பு கொல்லைப்புறத்தில் இருந்தாலும், சமையல் முடியும்வரை குழந்தை வீட்டின் முன்கட்டில் இருக்கட்டும். திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடிப்பவரின் சட்டையில் ஒட்டிய புகையும் தூக்கும் குழந்தையைச் சேர்கிறது. மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதிச் சளி எடுப்பதும், தொக்கம் எடுப்பதும் கூடவே கூடாது. நுரையீரலுக்குள் இறங்கிய எண்ணெய் கரையாமல் தங்கி நோயாகும். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு போதும்.

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் அறுவடை எந்திரம் ஓடும் வயலோரமும், நெல் காயும் சாலையும், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் இடமும் பதர்த் தூசி நிறைந்தவை. களத்திலிருந்து வருபவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். வாசலில் தண்ணீர் வைத்து, வந்தவர் கைகால் கழுவிய பிறகே உள்ளே வரும் பழைய வழக்கத்தை இந்த வீட்டில் கட்டாயமாக்குங்கள், சோப்போடு. தேர்த் திருவிழா, வேளாங்கண்ணித் திருவிழா, கந்தூரி, கல்யாண மண்டபம் ஆகியவற்றுக்குக் குழந்தையை எடுத்துச் செல்லாததால் உறவினர் வருந்தலாம். அறுவை சிகிச்சை முடியட்டும் என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் புரிந்துகொள்வார்கள். சளி பிடித்த அண்ணனோ அக்காளோ இருந்தால் சில நாட்களுக்கு வேறு அறையில் படுக்கட்டும்.

மருந்துகளும் மருத்துவமனையும்

கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் கொடுக்க வேண்டாம். மூக்கடைப்பு நீக்கச் சேர்க்கப்படும் ஃபினைல்எஃப்ரின் போன்ற மருந்துகள் இருதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மாற்றுபவை. 2025ஆம் ஆண்டில் தமிழகத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் நச்சுப் பொருள் கலந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததையும் மறந்துவிடக் கூடாது. மீதமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தை நீங்களாகக் கொடுப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. இருதயக் குறையுள்ள குழந்தைக்குச் சளியே இல்லாமல் பல நாள் காய்ச்சல் நீடித்தால், அது இருதயத்தின் உட்சுவரில் கிருமி பற்றியதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் இரத்தம் எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். அரைகுறையாகக் கொடுத்த மருந்து அந்தக் கிருமியை மறைத்துவிடும். பல் முளைத்த நாள் முதல் காலையிலும் இரவிலும் பல் துலக்குவதும் இக்காரணத்தால்தான் முக்கியம்.

நீர் பிரியும் மருந்தையும், இருதயத்தின் சுருங்கும் வலுவைக் கூட்டும் டிகாக்சினையும் ஊசிக்குழாயால் அளந்தே கொடுங்கள், தேக்கரண்டியால் அளக்காதீர்கள். மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தால், எத்தனை மில்லி தண்ணீரில் கரைத்து அதில் எத்தனை மில்லி கொடுப்பது என்று எழுதி வாங்குங்கள். டிகாக்சின் கொடுத்தபின் குழந்தை வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்காதீர்கள். ஒரு வேளை தவறினாலும் அடுத்த வேளையில் இரட்டிப்பாக்காதீர்கள்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது எக்கோ அறிக்கை, தடுப்பூசி அட்டை, மூச்சு எண்ணிக்கை எழுதிய தாள், மருந்துப் புட்டிகள் ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். அவசரப் பிரிவில் யார் முதலில் வந்தாலும், குழந்தையின் இருதயக் குறையின் பெயர், நலமாக உள்ளபோது ஆக்சிஜன் அளவு எவ்வளவு, கடைசியாக எடுத்த எடை, கடைசியாக எந்த மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்ற நான்கையும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். டிரிப்ஸ் ஏற்றத் தொடங்குமுன் இருதயக் குறையை நினைவூட்டுங்கள். வேகமாக ஏற்றும் நீர், ஏற்கெனவே ஊறிய நுரையீரலை மூழ்கடித்துவிடும். மாறாக, நீலம் பாயும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நீர் வற்றி இரத்தம் கெட்டியாகிக் குழாய்களில் உறையக்கூடும். அதற்குத் தாமதமின்றி நீர் தேவை. அழுது கருநீலமாகி மூச்சு வாங்கினால், இரு முழங்கால்களையும் மடக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடியே 108க்கு அழையுங்கள்.

புயல் மாதங்களில் சாலை துண்டிக்கப்படுவதும் மின்சாரம் நிற்பதும் டெல்டாவுக்குப் புதிதல்ல. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐப்பசி பிறந்ததும் இரண்டு வாரத்திற்கான மருந்தைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். மூச்சு வழக்கத்தைவிட வேகமாக உள்ள குழந்தை என்றால், புயல் எச்சரிக்கை வந்தவுடன் ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனை இருக்கும் ஊரில் உறவினர் வீட்டுக்குச் சென்றுவிடுவது நல்லது.

அறுவை சிகிச்சையின் காலம்

பெரிய கீழறை ஓட்டையைப் பெரும்பாலும் ஒரு வயதுக்குள், எடை ஏறாமலும் தொற்று ஓயாமலும் இருந்தால் அதற்கும் முன்பே அடைக்க வேண்டும். நடுப்பகுதியே உருவாகாத குறைக்கு ஆறு மாதத்திற்குள் செய்வது நல்லது. எடை கூடட்டும் என்று பல மாதம் காத்திருப்பது பல நேரங்களில் பயனற்றது, ஏனெனில் ஓட்டை மூடாமல் அந்த எடை கூடப்போவதில்லை. ஆண்டுக்கணக்கில் தாமதித்தால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகி, இரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். அப்போது ஓட்டையை அடைக்கவே முடியாது. அந்தக் கட்டத்தை நெருங்கும் குழந்தைக்கு நெஞ்சுச் சளி குறைந்து, பார்வைக்குத் தேறியதுபோல் தோன்றும் என்பதுதான் இதிலுள்ள பெருங்கொடுமை. ஆகவே, சளி நின்றுவிட்டது, இனி எதற்கு ஆபரேஷன் என்று எவரேனும் சொன்னால், அன்றே மறுபடியும் எக்கோ எடுக்கச் செல்லுங்கள்.

நிமோனியா வந்து தேறிய குழந்தைக்குச் சில வாரம் பொறுத்தே அறுவை செய்வது வழக்கம். ஆனால் நிமோனியா தீரவே தீராமல் செயற்கைச் சுவாசத்தில் கிடக்கும் சில குழந்தைகளுக்கு, ஓட்டையை அடைத்தால்தான் நுரையீரல் தேறும் என்று மருத்துவர்கள் அந்நிலையிலேயே அறுவை செய்வதுண்டு. அவர்கள் அப்படிச் சொன்னால் மலைத்துப்போய் மறுத்துவிடாதீர்கள்.

செலவை எண்ணித் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இருதய அறுவை சிகிச்சை அடங்கும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் அட்டை பெறலாம். அறுவைக்குத் தேதி குறித்தபின் அலையாமல், குறை தெரிந்த வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் குழுவிடம் குழந்தையைப் பதிவு செய்தால், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் வழியாக மேல் மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள்.

நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையில் இருதயத்தை எட்டுவதற்காகத் தைமஸின் ஒரு பகுதியையோ முழுவதையோ எடுத்துவிடுவது வழக்கம். அதனால் டி அணுக்கள் சில ஆண்டுகளுக்குக் குறைந்து காணப்பட்டாலும், பெரும்பாலான குழந்தைகள் குறிப்பிடத்தக்க தொல்லையின்றி வளர்கிறார்கள். இருதய–நுரையீரல் எந்திரத்தில் இணைத்ததன் விளைவாக முதல் சில வாரங்களில் தொற்று எளிதில் பற்றும். அந்த வாரங்களில் பார்வையாளரை அனுமதிக்காமல் இருப்பதும், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய எந்தக் காய்ச்சலுக்கும், காயத்தில் நீர் வடிவதற்கும் உடனே அறுவை செய்த மருத்துவமனையை அழைப்பதும் அவசியம். நெஞ்செலும்பு கூடும்வரை, ஏறத்தாழ ஆறு வாரம், அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல் கழுத்துக்கும் பிட்டத்துக்கும் கீழே கைகொடுத்து ஏந்துங்கள். அறுவையின்போது இரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றியிருந்தால் தட்டம்மைத் தடுப்பூசி சில மாதங்களுக்குச் சரியாகப் பலிக்காமல் போகலாம். எப்போது போடுவது என்பதை வீடு திரும்பும் நாளிலேயே கேட்டு, தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.